கன்றைத் தருகிறார்கள், மண்ணைத் தர மறுக்கிறார்கள்

“தோட்டத்து ஆட்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது. கன்றைக் கொடுத்தால் காய விட்டுவிடுவார்கள்.” இந்தப் பேச்சை நாம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனோம். கன்று பகிரும் கூட்டங்களில் மேடையில் நின்று சொல்கிறார்கள். அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்து சொல்கிறார்கள். லயத்துக்கு வந்து கணக்கெடுத்துப் போகும் படித்தவர்களும் கொஞ்சம் நாகரிகமான வார்த்தையில் அதையேதான் எழுதுகிறார்கள்: “வீட்டுத்தோட்டம் பற்றிய விழிப்புணர்வு குறைவு.” இதற்கு நாம் பதில் சொல்லாமல் இருந்தால் நாளை எமது பிள்ளைகளே அதை நம்பிவிடுவார்கள்.

தோழர்களே, தோழியரே, ஊவா மலைகளில் நிற்கும் தேயிலைச் செடிகளை வளர்த்தது யார்? தவறணையில் தாய்ச்செடியின் கிளையை ஒற்றை இலைத் துண்டாக நறுக்கி, பையில் மண் நிரப்பிக் குத்தி, நிழல் கட்டி, தண்ணீர் தெளித்து, வேர் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிழலை விலக்கி வெயிலுக்குப் பழக்கி, ஒரு வருடம் வரை பிள்ளை போலப் பார்த்து மலைக்கு ஏற்றுவது யார்? எமது பெண்கள். குழி வெட்டி, கான் வெட்டி, நட்டு, இளங்கன்றுக்கு நிழல் குத்தி, 2 வருடம் 3 வருடம் உயரம் பிடித்து வெட்டி வளைத்துப் பந்தாக்குவது யார்? எமது ஆண்களும் பெண்களும். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்று நட்டுப் பிழைக்க வைத்த கைகளுக்கு, வாசலில் ஒரு கொய்யாக் கன்றைப் பிழைக்க வைக்கத் தெரியாதாம். சொல்பவர்களுக்கு நா கூசவில்லை என்றால் நாம் என்ன செய்ய?

கன்றுகள் காய்கின்றன என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் காய்கின்றன என்று பார்ப்போம்.

ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். அன்றைக்கு அல்லது அந்தக் கிழமையில் வாகனம் வரும். பதாகை கட்டுவார்கள். மா, கொய்யா, ஆனைக்கொய்யா, தோடை என்று ஆளுக்கு ஒரு கன்று, சில இடங்களில் இரண்டு. கையில் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு வாகனம் போய்விடும். உலகத்துக்கு எந்த நாள் சுற்றாடல் தினமோ, பதுளைக்கு அது கன்று நடும் காலம் அல்ல. எமது பக்கத்தில் பெருமழை வருவது ஒக்டோபர் தொடங்கி டிசம்பர், ஜனவரி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் காய்ந்த காற்றாகத்தான் பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கம் இறங்குகிறது. ஜூனில் தொடங்கினால் ஓகஸ்ட், செப்டெம்பர் வரை கச்சான்தான். கூரைத் தகரத்தையே புரட்டும் காற்றில் நேற்று நட்ட கன்று என்ன செய்யும்? இலை சுருங்கும், நுனி கருகும், ஓகஸ்டில் குச்சியாக நிற்கும். அடுத்த ஜூனில் புதிய அதிகாரி வந்து “போன வருடம் கொடுத்த கன்று எங்கே?” என்று கேட்பார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் கச்சான் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்குத்தான் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. காற்றின் கணக்கு கம்பனிக்கும் ஏலக்காரருக்கும் நாள் தவறாமல் தெரிகிறது. கன்று கொடுக்க வருபவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

தவறான காலத்தில் கொடுப்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு.

மரக்கறி என்றால் 2, 3 மாதத்தில் கைக்கு வரும். போஞ்சி, கோவா, பீட்ரூட் என்று லயத்தைச் சுற்றிய துண்டு நிலத்தில் எமது ஆட்கள் போட்டுத்தான் இருக்கிறார்கள். எந்த லயத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பழமரம் அப்படியல்ல. ஒட்டுக்கன்று ஆனைக்கொய்யா காய்க்க 3, 4 வருடம் ஆகும். விதைக்கன்று என்றால் 6, 7 வருடம், சில வேளை அதற்கும் மேல். பலா அதைவிடப் பொறுமை கேட்கும். இத்தனை வருடம் அந்த மண் தன்னிடம் இருக்கும் என்று நம்புகிறவனால்தான் மரம் வைக்க முடியும். எமக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர் யார்? பல தோட்டங்களில் இன்றைக்கும் எழுதப்படாத சட்டம் இதுதான்: மரக்கறி போடலாம், நிரந்தரப் பயிர் வைக்கக் கூடாது. ஏன் கூடாது? மரம் வேர் விட்டால் அதை வைத்தவனும் வேர் விட்டுவிடுவான் என்ற பயம். எம்மைவிட நிர்வாகத்துக்கு இது நன்றாகவே புரிந்திருக்கிறது.

1992 இல் அரச தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். குத்தகை 53 வருடம். மண்ணின் சொந்தக்காரர் இன்னும் அரசுதான். 2045 வரை கம்பனிக்கு எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறது. அதே மண்ணில் கம்பனிக்கு முன்பே 150 வருடமாகக் குடியிருந்தவர்களுக்கு, வாசலில் வைத்த தேசி மரம் அடுத்த கவ்வாத்து வரைக்கும் நிற்கும் என்று எழுதிக் கொடுக்க ஒருவர் இல்லை.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1840 இல் முடிக்குரிய காணிச் சட்டம் கொண்டுவந்து மலைகளைத் தோட்டத்துரைமாருக்கு விற்றார்கள். கிராமத்தவர் சேனை நிலத்தை இழந்தார்கள், அது உண்மை, அவர்களுடைய வேதனையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணியற்ற குடியானவருக்கு நிலம் பகிரத் தொடங்கியபோது எம்மை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1948 இல் குடியுரிமையையே பறித்தார்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசுக்கு வந்தன, சில துண்டாடப்பட்டன, அங்கே வேலை செய்தவர்கள் பல இடங்களில் நடுத்தெருவில் நின்றார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தது காணிக்காகத்தான். இவ்வளவு நடந்த பிறகு, கையில் ஒரு பொலித்தீன் பையில் மாங்கன்றைக் கொடுத்து “விழிப்புணர்வு” பேசுகிறார்கள்.

சரி, இப்போது காணி தருகிறார்களே என்பார்கள். 2015 க்குப் பிறகு 7 பேர்ச் என்றார்கள். இப்போது 10 பேர்ச் என்கிறார்கள். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் வைபவம் வைத்து வீட்டுரிமைப் பத்திரமும் கொடுத்தார்கள். கிடைத்த குடும்பங்களுக்கு எமது வாழ்த்து, அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அளந்து பார்க்க வேண்டும் அல்லவா?

ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். 7 பேர்ச் என்றால் 1,905 சதுர அடி. இந்திய உதவித் திட்ட வீடு 550 சதுர அடி. மிச்சம் 1,355. அதில் மலசலகூடக் குழி, வாசல், படிக்கட்டு, தண்ணீர் வடியும் கான் எல்லாம் போக வேண்டும். எமது நிலம் பாய் விரித்த மாதிரிச் சமநிலமும் அல்ல. சரிவை வெட்டித்தான் வீட்டுக்குத் தளம் எடுக்கிறோம். மேலே ஒரு வெட்டுச் சுவர், கீழே ஒரு பள்ளம். கடைசியில் கன்று வைக்க எஞ்சுவது ஒரு காம்பிரா அளவு, மிஞ்சினால் இரண்டு காம்பிரா அளவு. வளர்ந்த பலா மரம் 30 அடி அகலத்துக்குக் கிளை விரிக்கும். அதன் நிழல் மட்டும் 700 சதுர அடி. 7 பேர்ச்சில் பலா வைத்தால் வீட்டுக்கு வெயில் வராது, பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை வரும், பலா அவர் கூரையில் விழும். ஆக, 7 பேர்ச் என்று எழுதியவர்கள் “இந்தக் குடும்பத்துக்குப் பலா வேண்டாம்” என்றும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

பலா சும்மா மரமா? சிங்கள மக்கள் அதைச் சோற்று மரம் என்கிறார்கள். பாணந்துறையின் ஆதர் வி. டயஸ் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்கப் பலா நடச் சொல்லி இயக்கம் நடத்தினார். ‘கொஸ் மாமா’, பலா மாமா, என்று மக்கள் பெயர் வைத்தார்கள். பஞ்சம் வந்தபோதெல்லாம் அந்த மரங்கள் சோறு போட்டன. 1951 இன் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்கிறது. இந்த நாட்டில் பலா மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்து 70 வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை நட்ட தோட்டத் தொழிலாளிக்கு இன்னும் வரவில்லை. லயத்துப் பின்பக்கம் நிற்கும் பழைய பலாவைப் பாருங்கள். “இது எங்கள் தாத்தா வைத்தது” என்று ஒரு குடும்பம் சொல்லும். காய் பறிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த மரம் ஒரு நாள் பலகையானால் அந்தப் பணத்தில் தாத்தாவின் பேரனுக்குச் சல்லிக்காசு இல்லை.

எமது வீட்டில் பழம் இல்லாததன் விலையை எமது பிள்ளைகள் உடம்பால் கொடுக்கிறார்கள். 2016 இன் மக்கள்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதும் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 100 க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் 100 க்கு 32 பேர். பழம் மட்டும் இதற்கு மருந்து என்று நாம் சொல்லவில்லை. பால், முட்டை, தாயின் உடல்நிலை, நாட்சம்பளம் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனாலும் வாசலில் ஒரு பப்பாசியும் ஒரு கொய்யாவும் நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கும், பழம் என்றால் சம்பள நாளில் டவுனில் வாங்கும் 2 அப்பிள் என்று வளரும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

2022 ஞாபகம் இருக்கிறதா? அரிசி இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. அந்த ஜூனில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: வீட்டில் பயிர் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டுத்தோட்டம் நாட்டைக் காப்பாற்றும் என்றார்கள். நல்லது. அதே வெள்ளிக்கிழமை எமக்குப் பெரட்டு இருந்தது. பயிர் செய்யத் தெரிந்தவர்கள் மலையில் கொழுந்து பறித்தோம். காணி உள்ளவருக்கு நாளும் கிடைத்தது. காணி இல்லாதவருக்கு நாளும் இல்லை.

கம்பனிகளோ இப்போது பழத்தின் அருமையைக் கண்டுபிடித்திருக்கின்றன. தேயிலை மட்டும் போதாதாம், பல்பயிர்ச்செய்கையாம். கறுவா, கோப்பி, மிளகு, ஆனைக்கொய்யா, ஸ்ட்ரோபெரி என்று கைவிடப்பட்ட மலைகளில் நடுகிறார்கள். நடட்டும். அதற்கும் குழி வெட்டுவது நாம்தான். காடாகிக் கிடக்கும் தேயிலை மலையில் கம்பனி ஆனைக்கொய்யா நட்டால் அது முதலீடு. அதே காட்டின் ஓரத்தில் தொழிலாளி நட்டால் அத்துமீறல். இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நாம் காணியுரிமை என்கிறோம்.

இந்த இடத்தில் எமது சொந்தத் தோழர்கள் சிலரோடும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கமிட்டிக் கூட்டங்களில் அவர்கள் சொல்வது இது: “முதலில் உறுதி வரட்டும். பிறகு மரம் வைப்போம். உறுதி இல்லாமல் நட்டால் அது கம்பனிக்கு நட்டது.” கேட்கும்போது கம்பீரமாக இருக்கிறது. நாமும் மேலே இதையேதானே எழுதினோம் என்று நீங்கள் கேட்கலாம். எழுதினோம். ஆனால் அதிலிருந்து “நடாதே” என்ற முடிவுக்குப் போவது தவறு. பாட்டனார் காலத்திலிருந்து உறுதிக்காகக் காத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் ஒரு கன்று வைத்திருந்தால் இன்றைக்கு அது பெருமரம். உறுதி தாமதித்தால் நாளைக்கு வாங்கலாம். தாமதித்த மரத்தின் 4 வருடத்தை எந்த ஜனாதிபதியாலும் திருப்பித் தர முடியாது. பிள்ளைக்குப் பசி இந்த வருடம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மரம் ஒரு சாட்சி. இந்த நாட்டுச் சட்டம் மரம் நட்டவனை அறியாத சட்டம் அல்ல. கரையோரத் தென்னங்காணிகளின் பிரிவினை வழக்குகளில் மண் ஒருவருக்கு, மரங்களில் பங்கு நட்டவருக்கு என்று இங்குள்ள நீதிமன்றங்கள் தலைமுறையாகத் தீர்ப்பு எழுதி வந்திருக்கின்றன. மண்ணும் மரமும் வேறு வேறு கையில் இருக்கலாம் என்பது தென்னைக்குப் பொருந்தினால் பதுளையின் ஆனைக்கொய்யாவுக்கு ஏன் பொருந்தக் கூடாது? நாளைக்கு வழக்குமன்றத்தில் இது உடனே வெல்லும் என்று நாம் வாக்குத் தரவில்லை. பேச்சு மேசையில் வைப்பதற்கு நல்ல ஆயுதம் என்கிறோம். வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைப் பேச முடியாது.

எங்கே நடுவது என்பதிலும் அவசரம் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஐ எமது மாவட்டம் மறக்காது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் அங்கிருந்து போகச் சொல்லி எச்சரிக்கை வந்திருந்தது. போகச் சொன்னவர்கள் எங்கே போவது என்று ஒரு துண்டு நிலத்தைக் காட்டவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் மறுபடி மண்சரிவுக்கு உயிர்களைக் கொடுத்தது. ஆகவே லயத்துக்கு நேர் மேலே உள்ள செங்குத்து வெட்டுச் சுவரின் விளிம்பில் பெரிய மரம் வைக்காதீர்கள். வெடிப்பு விழுந்த நிலத்தில், திடீரென்று ஊற்று கிளம்பும் நிலத்தில் குழியே வெட்டாதீர்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று குறித்த இடத்தில் இருப்பவர்கள் கன்றைச் சாக்கிலோ பழைய பீப்பாவிலோ வைத்து வளர்க்கலாம். இடம் மாறும் நாளில் தேசியும் மாதுளையும் கூட வரும். அந்தக் குடும்பங்களுக்கு முதலில் பாதுகாப்பான காணி என்பது எமது கோரிக்கை, மரம் அதற்குப் பிறகு.

நடும் வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தேயிலைக்கும் பழமரத்துக்கும் வித்தியாசப்படும் சில விடயங்களை மட்டும் சொல்கிறோம்.

குழியைச் செப்டெம்பர் கடைசியிலேயே வெட்டிவிடுங்கள். 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். அலவாங்கு முட்டும் என்பது தெரியும், ஆனாலும் ஆழத்தில் ஏமாற்ற வேண்டாம். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் போடுங்கள். நிரப்பும்போது மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்து நிரப்பி 2 கிழமை விடுங்கள், மண் இருக்கட்டும். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், பழமரத்துக்கு அவ்வளவு பிடிக்காது. கவ்வாத்து மலைக்குப் போடும் அதே டொலமைட்டைக் குழி வெட்டும் அன்றே மண்ணில் கலந்துவிடுங்கள். எருவைச் சில நாள் கழித்துப் போடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் கொட்டினால் எருவின் சத்து வீணாகும்.

ஒக்டோபரில் முதல் மழை மண்ணுக்குள் நன்றாக இறங்கிய பிறகு கன்றை வையுங்கள். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. தவறணையில் வேலை செய்த அக்காமாரைக் கூப்பிட்டால் ஒரு வேர் அறாமல் எடுத்துத் தருவார்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஒட்டை மண் மூடினால் அழுகும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிரை விடாமல் கிள்ளுங்கள். அது காட்டுத் துளிர், கொழுகொழுவென்று வளரும், மேலே உள்ள நல்ல கிளையைக் கொன்றுவிடும். ஆனைக்கொய்யாவுக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. பீலித் தண்ணீர் வடியும் மூலையில் வைத்தால் வேர் அழுகி ஒரே மழையில் போய்விடும். அதற்குக் கொஞ்சம் மண் மேடு கட்டி நடுங்கள். சரிவில் கன்றின் கீழ்ப்பக்கமாகக் கல் அடுக்கி அரைவட்டம் கட்டினால் மண்ணும் நிற்கும், நீரும் நிற்கும்.

எந்த மரம்? உயரத்தைப் பாருங்கள். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கக் குளிருக்குப் பெயார்ஸ், ஆனைக்கொய்யா, கொய்யா, கொடித்தோடை பொருந்தும். மா அங்கே வேண்டாம், இலை அழகாக வரும், பழம் வராது. பசறை, லுணுகலைக்குக் கீழே இறங்கினால் தோடை, மா, பப்பாசி நன்றாக வரும். பிபிலைத் தோடையின் பெயர் நாடறிந்தது, அது எமது மாகாணத்துப் பழம்தான். இடம் குறைவு என்றால் மரத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 அடியில் நுனியை வெட்டி நாலு பக்கமும் கிளை எடுத்து, வருடா வருடம் அளவாகக் கழித்தால் கொய்யாவும் தேசியும் ஒரு காம்பிரா அளவுக்குள் அடங்கும். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு இதை யார் கற்றுத்தர வேண்டும்?

வருகிற கச்சான்தான் உண்மையான பரீட்சை. மே மாதமே கன்றைச் சுற்றி மானாப்புல்லோ சருகோ 4 விரல் தடிப்பத்துக்குப் பரப்புங்கள். தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள், ஒட்டினால் கறையான் வரும். காற்று வரும் பக்கம் ஒரு பழைய படங்கைக் கட்டி மறையுங்கள். குச்சி நட்டு இறுக்காமல் கட்டுங்கள். தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல் தெளிப்பதைவிட மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு வாளி ஊற்றுவது மேல், வேர் கீழே இறங்கும். சோறு கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் போகட்டும்.

அந்த வாளியைத் தூக்குவது யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம், சிலருக்குக் கோபம் வந்தாலும் சரி. கவ்வாத்துக்கும் மருந்தடிக்கவும் போகும் ஆண்கள் பகல் 2 மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கொழுந்து மலையிலிருந்து பெண்கள் வரும்போது மாலை 5 மணி. வந்ததும் அடுப்பு, பிள்ளை, துணி. பீலியிலிருந்து கன்றுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தால் கன்று காயத்தான் செய்யும். ஆண் தோழர்களே, அந்த வேலை உங்களுடையது. முச்சந்தியில் நிற்கும் நேரத்தில் பாதி போதும்.

இனி சங்கம் செய்ய வேண்டியது. 2021 இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. மறுபடி ஒப்பந்தம் பேசும் நாளில் நாட்சம்பளத்தோடு மரத்துக்கும் ஒரு வாசகம் எழுதப்பட வேண்டும்: குடியிருக்கும் குடும்பம் நட்ட பழமரத்தின் காயும் பழமும் பலகையும் அந்தக் குடும்பத்துக்கே, அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வெட்டக் கூடாது, வேறு இடத்துக்கு மாற்றினால் மரத்துக்கு நட்டஈடு. அரசிடம் எமது கோரிக்கை 20 பேர்ச், தெளிவான உறுதியோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும். 20 பேர்ச் என்றால் 5,445 சதுர அடி. அதில் வீடும் நிற்கும், ஒரு பலாவும் நிற்கும். கன்று கொடுக்க வருகிறவர்களிடம், அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ கம்பனியோ, தோட்டத் தலைவர்மார் மரியாதையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஜூனில் கொண்டு வந்தால் வாங்க மாட்டோம், ஒக்டோபரில் வாருங்கள், ஒட்டுக்கன்றாகக் கொண்டு வாருங்கள். படம் பிடிப்பதற்கு மழையிலும் வெளிச்சம் இருக்கும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்கட்டும். லயம் லயமாக, வீடு வீடாக, இப்போது நிற்கும் பழமரங்களையும் இந்த மழைக்கு வைக்கப்போகும் கன்றுகளையும் அதில் பதியுங்கள். என்ன மரம், யார் வைத்தது, எந்த வருடம், வாசலிலிருந்து எத்தனை அடி. பழைய மரம் என்றால் லயத்தில் உள்ள வயதானவர்களைக் கேட்டு, வைத்தவர் பெயரை அவர்கள் சொன்னபடி எழுதுங்கள், சொன்னவரின் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள். மரத்தடியில் குடும்பத்தை நிறுத்தி போனில் ஒரு படம் எடுங்கள். மாதர் தலைவிமார் இதை முன்னின்று செய்தால் வேலை சுத்தமாக நடக்கும். கொப்பியின் ஒரு பிரதி கமிட்டியிடம் இருக்கட்டும், மற்றது நவம்பர் முதல் கிழமைக்குள் பதுளைக் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.